சமச்சீரற்ற கரிம வினையூக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரிம வேதியியலில் ஆய்வு தொடங்குபவர்களும், 2021 நோபல் பரிசுக்குப் பிறகு ஆர்வம் வந்து கேட்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பள்ளி இறுதி வகுப்பில் கார்போனைல் சேர்மங்கள் வரை படித்திருந்தால் பெரும்பாலானவை புரியும். நடுவில் ஒன்றிரண்டு பதில்கள் நீளமாகப் போகும். அங்கேதான் விஷயம் இருக்கிறது, அவசரப்படாமல் படியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் இது என்ன?

உலோகம் எதுவும் இல்லாத, சிறிய கரிம மூலக்கூறு ஒன்றை வினையூக்கியாகப் போட்டு, வலக்கை இடக்கை போல இரண்டு வடிவங்களில் வரக்கூடிய விளைபொருளில் ஒரு வடிவத்தை மட்டும் (அல்லது பெரும்பாலும் அதை) உருவாக்கும் முறை. இதை வளர்த்தெடுத்ததற்காக பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மேக்மில்லன் இருவருக்கும் 2021இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கைரல் மூலக்கூறு என்றால் என்ன? இரண்டும் ஒன்றுதானே, ஏன் இவ்வளவு கவலை?

ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருந்தால், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. இப்படிப்பட்ட மூலக்கூறைத்தான் கைரல் என்கிறோம். உருகுநிலை, கொதிநிலை, சாதாரணக் கரைப்பானில் கரைதிறன் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான், தளமுனைவுற்ற ஒளியைத் திருப்பும் திசை மட்டும் எதிரெதிர். 1848இல் லூயி பாஸ்டர் சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்களைக் கையாலேயே இரண்டு குவியலாகப் பிரித்துக் காட்டியது இதைத்தான்.

கவலை எங்கே வருகிறதென்றால், நம் உடலே கைரல். புரதங்கள் எல்-அமினோ அமிலங்களால் ஆனவை, ஆக உடலில் உள்ள ஒவ்வொரு ஏற்பியும் ஒரு கையுறை மாதிரி, இடக்கைக் கையுறையில் வலக்கை நுழையாது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருமலை அடக்கும் மருந்து. அதன் கண்ணாடிப் பிம்பமான லெவோமெத்தார்ஃபான் வலிமையான ஓபியாய்டு. அதே அணுக்கள், அதே பிணைப்புகள்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1992இலேயே புது மருந்துகளின் ஆடிப்பிம்ப வடிவங்களைத் தனித்தனியாக ஆராயவேண்டும் என்ற கொள்கையை வெளியிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லோரும் தாலிடோமைடை உதாரணம் காட்டி, "தீங்கு செய்யாத வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் குழந்தைகள் தப்பித்திருக்கும்" என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. தாலிடோமைடு உடலுக்குள் போனதும் ஒரு வடிவம் இன்னொன்றாக மாறிவிடும், தூய வடிவத்தைக் கொடுத்தாலும் இரண்டுமே உடலில் இருக்கும். கைரல்தன்மையின் முக்கியத்துவத்தைச் சொல்ல வேறு நல்ல உதாரணங்கள் இருக்கும்போது இதைத் தவறாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எல்-, டி-, ஆர், எஸ், வலஞ்சுழி, இடஞ்சுழி எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. வலஞ்சுழி, இடஞ்சுழி என்பவை ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற அளவீடு. மற்றவை அணுக்களின் அடுக்கைச் சொல்லும் பெயரிடும் முறைகள். எல்-புரோலின் இடஞ்சுழி, ஆனால் எல்-அலனின் நீரில் வலஞ்சுழி. எழுத்தைப் பார்த்துத் திசையை ஊகிக்காதீர்கள்.

சாதாரணமாக வினை நடத்தினால் ஏன் சரிபாதியாக வருகிறது?

ஆல்டிஹைடின் கார்போனைல் கார்பன் தட்டையானது. அதற்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று இரண்டு முகங்கள். மேலிருந்து தாக்கினால் ஒரு கை, கீழிருந்து தாக்கினால் மறு கை. தாக்க வருவதும் கைரல் இல்லை, குடுவையில் வேறு எதுவும் கைரல் இல்லை என்றால், இரண்டு வழிகளிலும் ஏற வேண்டிய உயரம் துல்லியமாக ஒன்றே. அதனால் 50:50, அதாவது சுழிமாய்க் கலவை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும், எவ்வளவு குளிர்வித்தாலும் இது மாறாது. சமநிலையைக் குலைக்க ஏற்கெனவே கைரலான ஏதோ ஒன்று வினையில் பங்கெடுத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் புரோலின் போன்ற ஒரு சிறு மூலக்கூறு எப்படி ஒரு முகத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறது?

இதுதான் மொத்த விஷயத்தின் இதயம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். புரோலின் ஐந்து அணு வளையம் கொண்ட அமினோ அமிலம். அதில் இரண்டு கருவிகள் இருக்கின்றன: வளையத்தில் ஓர் ஈரிணைய அமீன், அதன் பக்கத்திலேயே ஒரு கார்பாக்சிலிக் அமிலம். அசிட்டோனும் ஒரு ஆல்டிஹைடும் இருக்கும் குடுவையில் புரோலினைப் போட்டால், அமீன் போய் அசிட்டோனின் கார்போனைலோடு சேர்ந்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றி, இமினியம் அயனி ஆகிறது. அந்த அயனி பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு புரோட்டானை இழந்து எனமீன் ஆகிறது. எனமீனில் நைட்ரஜன் தன் தனி இணை எலக்ட்ரான்களைக் கார்பன் பக்கம் தள்ளுவதால், சும்மா இருந்த அசிட்டோனின் ஓரக் கார்பன் இப்போது தாக்கத் தயாராக இருக்கும் கருக்கவர் பொருள்.

ஆல்டிஹைடு நெருங்கி வரும்போது இரண்டாவது கருவி வேலை செய்கிறது. கார்பாக்சிலிக் அமிலத்தின் ஹைட்ரஜன், ஆல்டிஹைடின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடி இரண்டு காரியம் செய்கிறது: ஆல்டிஹைடை இன்னும் எளிதில் தாக்கப்படக்கூடியதாக்குகிறது, கூடவே அது எந்த முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதையும் கட்டாயப்படுத்துகிறது. அமிலம் வளையத்தின் ஒரு பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே ஆல்டிஹைடு அந்தப் பக்கம்தான் வர முடியும், வந்தால் அதன் பெரிய தொகுதி நெரிசல் இல்லாத திசையை நோக்கி நிற்கத்தான் விரும்பும். அந்த நிலையில் பிணைப்பு உருவாகிவிடுகிறது. பிறகு நீர் வந்து இமினியத்தை உடைக்க, விளைபொருள் ஒரு பக்கம், புரோலின் இன்னொரு பக்கம். புரோலின் அடுத்த அசிட்டோனைத் தேடிப் போகிறது.

இந்த அமைப்பைக் கணக்கீட்டு முறையில் தெளிவாக்கியவர் கென்டால் ஹவுக், அதனால் ஹவுக்–லிஸ்ட் மாதிரி என்று அழைக்கிறார்கள். இதைத் தாளில் நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள், முடிந்தால் மூலக்கூறு மாதிரிக் கட்டைகளை வைத்துச் செய்து பாருங்கள். அம்புக்குறிகளை மனப்பாடம் செய்தவர்களுக்கும், அமிலத்தின் ஹைட்ரஜன் எங்கே நிற்கிறது என்று கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு அடுத்த வினையைப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.

இரண்டு வழிகளுக்கும் இடையே எவ்வளவு ஆற்றல் வித்தியாசம் வேண்டும்?

மிகக் கொஞ்சம். எனக்கு இன்றுவரை வியப்பாக இருப்பது இதுதான். வினைபடுபொருள் விளைபொருளாகும் வழியில் ஏறிக் கடக்கும் உச்சியை மாறுநிலை என்போம். இரண்டு மாறுநிலைகளின் உயர வித்தியாசம் 25 டிகிரி செல்சியசில் மோலுக்குச் சுமார் 0.65 கிலோகலோரி இருந்தால் விகிதம் 75:25. 1.75 இருந்தால் 95:5. 2.7 இருந்தால் 99:1. ஈத்தேன் மூலக்கூறில் நடுவில் உள்ள ஒற்றைப் பிணைப்பைச் சுற்றத் தடையாக இருக்கும் ஆற்றலே ஏறத்தாழ 2.9 கிலோகலோரி! அந்த அளவுகூட இல்லாத ஒரு வித்தியாசம், கலவையா தூய பொருளா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. சின்ன ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே போதும் என்பது நல்லது. கரைப்பானை மாற்றினாலோ, ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டினாலோ எல்லாம் தலைகீழாகலாம் என்பது கெட்டது. குளிர்வித்தால் பொதுவாகத் தேர்வுத்திறன் கூடும்: 25 டிகிரியில் 95:5 கொடுக்கும் அதே 1.75 கிலோகலோரி, அது மாறாமல் இருந்தால், மைனஸ் 78 டிகிரியில் ஏறத்தாழ 99:1 கொடுக்கும். ஆனால் வினையும் மெதுவாகும், சில சமயம் நின்றே போகும்.

ஈஈ என்று எல்லாக் கட்டுரையிலும் போடுகிறார்களே, அது என்ன?

அதிகமாக உள்ள வடிவத்தின் சதவீதத்திலிருந்து குறைவாக உள்ளதன் சதவீதத்தைக் கழித்தால் வருவது. 88:12 என்றால் ஈஈ 76 சதவீதம். 90 சதவீத ஈஈ என்பது 95:5, 90:10 இல்லை. முதல் வருட மாணவர்கள் பாதிப் பேர் இங்கே சறுக்குவார்கள்.

மேக்மில்லன் செய்தது இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

லிஸ்ட் எனமீன் வழியில் போனார், அதாவது தாக்கும் பொருளை எலக்ட்ரான் செறிவுள்ளதாக மாற்றினார். மேக்மில்லன் எதிர்ப்பக்கமிருந்து வந்தார். இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில் ஆல்டிஹைடு இருக்கும் ஒரு மூலக்கூறை எடுத்து, அதை ஒரு கைரல் அமீனோடு சேர்த்து இமினியம் ஆக்கினார். இமினியத்தில் நேர் மின்சுமை இருப்பதால் அது எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்கும், உலோக லூயிஸ் அமிலம் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் பொருள்) ஒன்று ஆல்டிஹைடோடு ஒட்டிக்கொண்டால் என்ன நடக்குமோ அதே விளைவு. அந்தக் கைரல் அமீனை ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்தார். இமிடசோலிடினோன் என்று பெயர். அதன் பென்சைல் தொகுதி இமினியத்தின் ஒரு முகத்தின் மேல் குடை மாதிரி கவிந்து மறைத்துவிட, எதிராளி மறு முகத்திலிருந்து மட்டுமே வர முடியும்.

2000இல் வந்த அவரது கட்டுரையில் சின்னமால்டிஹைடும் சைக்ளோபென்டாடையீனும் டீல்ஸ்–ஆல்டர் வினையில் (இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து வளையமாகும் வினை) 5 மோல் சதவீத வினையூக்கியோடு, அதாவது வினைபடுபொருள் நூறு மூலக்கூறுக்கு வினையூக்கி ஐந்து என்ற கணக்கில், 99 சதவீத விளைச்சலும் 93 சதவீத ஈஈயும் கொடுத்தன. இரண்டு மூலக்கூறுகளும் எந்த வாக்கில் பொருந்துகின்றன என்பதைப் பொறுத்து வரும் எக்சோ, எண்டோ வடிவங்கள் ஏறக்குறைய சமமாகவே வந்தன (1.3:1) என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். முகத்தைத் தேர்ந்தெடுப்பதும் எக்சோ, எண்டோவைத் தேர்ந்தெடுப்பதும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்று தீர்ந்தால் மற்றொன்றும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

"ஆர்கனோகேட்டாலிசிஸ்" என்ற சொல்லை இத்துறைக்குப் பெயராக நிலைநிறுத்தியதும் மேக்மில்லனே. இனி வரப்போகும் பல வினைகளுக்கும் ஒரே கொள்கை இருக்கிறது என்று அவர் அந்தக் கட்டுரையிலேயே சொன்னார்.

புரோலின் வினை 1970களிலேயே தெரியும் என்கிறார்களே, பிறகு ஏன் 2000 வரை காத்திருக்க வேண்டி வந்தது?

உண்மைதான், இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். இன்னும் பின்னாலும் போகலாம். 1912இல் பிரெடிக்கும் ஃபிஸ்க்கும் குயினின் போன்ற ஆல்கலாய்டுகளை வைத்து பென்சால்டிஹைடோடு ஹைட்ரஜன் சயனைடைச் சேர்த்தபோது சிறிதளவு தேர்வுத்திறன் கிடைத்தது. 1960இல் பிராசேயஸ் அசிட்டைல் குயினினை வைத்துக் கீட்டீனோடு மெத்தனாலைச் சேர்த்து 74 சதவீத ஈஈ காட்டினார். பிறகு 1970களின் தொடக்கத்தில் ஹாஃப்மன்–லா ரோஷ் நிறுவனத்தில் ஹாயோஷும் பாரிஷும், ஷேரிங் நிறுவனத்தில் எடர், சாவர், வீஷெர்ட் ஆகியோரும் தனித்தனியாக, ஸ்டீராய்டு செய்வதற்கான வளையங்களைப் புரோலின் கொண்டு மூடினார்கள். ஹாயோஷ்–பாரிஷ் முறையில் 3 மோல் சதவீதப் புரோலின் போதும், ஈஈ 93 சதவீதம். இன்றைய அளவுகோலில் பார்த்தாலும் அருமையான வினை.

அப்புறம் ஏன் முப்பது ஆண்டு அமைதி? என் கருத்தில் மூன்று காரணங்கள். அது ஒரே மூலக்கூறுக்குள் நடக்கும் வளையமூடல், ஸ்டீராய்டு தொழிலின் ஒரு தனித் தந்திரம் என்று பார்க்கப்பட்டது, யாரும் அதைப் பொது விதியாக நினைக்கவில்லை. வினைவழிமுறை குறித்தும் நீண்ட காலம் கருத்து வேறுபாடு இருந்தது, எனமீன்தான் என்று உறுதியாகத் தெரியாதபோது அடுத்த வினைக்கு எப்படி நீட்டுவது? மூன்றாவது, அதே காலகட்டத்தில் உலோக வினையூக்கிகள் அபாரமாக வளர்ந்தன. நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் ஆகியோரின் அந்த வேலைக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. திறமையான மாணவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

லிஸ்ட் வேறு வாசல் வழியாக வந்தார். ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தில் லெர்னர், பார்பாஸ் ஆகியோரோடு, ஆல்டால் வினையை (மேலே பார்த்த அசிட்டோன்–ஆல்டிஹைடு சேர்க்கை இந்த வகைதான்) ஊக்குவிக்கும் எதிர்ப்பொருள்களில் வேலை செய்துகொண்டிருந்தார். முதல் வகை ஆல்டோலேஸ் நொதியில் லைசின் என்ற ஒற்றை அமினோ அமிலத்தின் அமீன்தான் எனமீனை உருவாக்குகிறது. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதத்தில் வேலை செய்வது அந்த ஒரு மூலை என்றால், மீதியெல்லாம் உண்மையில் தேவையா? இந்தக் கேள்வியோடு புரோலினை எடுத்துப் போட்டார், வேலை செய்தது. 2000இல் அவர்கள் மூவரும் வெளியிட்ட கட்டுரையில், 4-நைட்ரோபென்சால்டிஹைடும் அசிட்டோனும் 30 மோல் சதவீதப் புரோலினோடு 68 சதவீத விளைச்சல், 76 சதவீத ஈஈ கொடுத்தன. ஐசோபியூட்டிரால்டிஹைடு 97 சதவீத விளைச்சல், 96 சதவீத ஈஈ.

பழைய வினையின் எண்களும் இவற்றுக்குச் சளைத்தவை இல்லை என்பதைக் கவனியுங்கள். 2000இல் புதிதாக வந்தது எண் கிடையாது, இரண்டு தனி மூலக்கூறுகளுக்கும் இது பொருந்தும், வேறு வினைகளுக்கும் பொருந்தும் என்ற பார்வை. எனமீன், இமினியம் என்ற இரண்டு சொற்களை வைத்து ஒரு புது வினையை முன்கூட்டியே திட்டமிட முடியும் என்றானதும் உலகம் முழுவதும் ஆய்வகங்கள் பாய்ந்து இறங்கின.

அமீன்கள் மட்டும்தானா? வேறு வகைகள் உண்டா?

நிறைய. அமீன் வினைபடுபொருளோடு உண்மையான பிணைப்பு போட்டு, பிறகு விடுகிறது. சில வினையூக்கிகள் பிணைப்பே போடாமல் பிடித்து மட்டும் வைக்கின்றன. 1998இல் எரிக் ஜேக்கப்சன் குழு தயோயூரியா வகை மூலக்கூறுகள் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இப்படிப் பிடிக்க முடியும் என்று ஸ்டிரெக்கர் வினையில் (இமீனோடு சயனைடைச் சேர்க்கும் வினை) காட்டியது. 2003இல் டகேமோட்டோ அதே தயோயூரியாவோடு ஒரு காரத்தையும் இணைத்து, ஒரு கையால் ஒன்றைப் பிடித்து மறு கையால் மற்றொன்றைத் தூண்டும்படி செய்தார். 2004இல் ஜப்பானில் அகியாமா, டெராடா இருவரும் தனித்தனியாக பினால் (BINOL, இரண்டு நாப்தால்கள் இணைந்த மூலக்கூறு) அடிப்படையிலான கைரல் பாஸ்பாரிக் அமிலங்களைக் கொண்டுவந்தார்கள். 2005இல் யோர்கென்சனும் ஹயாஷியும் டைஅரைல்புரோலினால் சிலைல் ஈதர்களை அறிமுகப்படுத்தினார்கள். புரோலினின் அமிலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிய பருமனான தொகுதியை வைத்தது, ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பதில் வெறும் மறைப்பாலேயே முகத்தைத் தேர்ந்தெடுக்கும். இன்று ஆய்வகங்களில் அலமாரியைத் திறந்தால் புரோலினுக்கு அடுத்து இதைத்தான் பார்ப்பீர்கள்.

இவை தவிர, நீர் அடுக்குக்கும் எண்ணெய் அடுக்குக்கும் இடையே அயனியைத் தூக்கிச் செல்லும் கைரல் அம்மோனியம் உப்புகள் (மெர்க் நிறுவனம் 1984இலேயே சின்கோனா உப்பால் மெத்திலேற்றம் செய்து 92 சதவீத ஈஈ பெற்றது), வைட்டமின் பி1 வேலை செய்யும் அதே வழியில் ஆல்டிஹைடின் இயல்பையே தலைகீழாக்கும் கார்பீன்கள், பழச்சர்க்கரையிலிருந்து செய்யும் ஷி கீட்டோன் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது.

மறு கை வடிவம் வேண்டுமென்றால் என்ன செய்வது?

வினையூக்கியின் மறு கையைப் போட வேண்டும். புரோலினுக்கு இது எளிது, டி-புரோலினும் கிடைக்கிறது. சின்கோனா ஆல்கலாய்டுகளில் இயற்கை கொஞ்சம் உதவியிருக்கிறது: குயினினும் குயினிடினும் துல்லியமான கண்ணாடிப் பிம்பங்கள் இல்லை, ஆனாலும் வினை நடக்கும் மூலையில் எதிரெதிர். அதனால் ஒன்று ஒரு கையையும் மற்றது மறு கையையும் கொடுக்கும், ஈஈ மட்டும் இரண்டிலும் சரியாக ஒத்துப்போகாது.

உலோகமும் நொதியும் இருக்கும்போது இது எதற்கு?

மூன்றும் வேண்டும். நொதி தனக்குப் பிடித்த மூலக்கூறோடு ஈடு இணையில்லாமல் வேலை செய்யும், பிடிக்காததைத் தொடாது. உலோக வினையூக்கிகள் பலவும் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான அளவிலேயே வேலையை முடிக்கும், ஹைட்ரஜனேற்றம் போன்ற வினைகளில் அவற்றை அசைக்க முடியாது. ஆனால் பலவற்றுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது, மருந்தில் உலோகத் தடயம் மிஞ்சினால் அதை நீக்கத் தனி வேலை. புரோலினுக்கு இந்தத் தொல்லை இல்லை. திறந்த குடுவையில் எடைபோட்டுப் போடலாம், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கவலை இல்லை.

அப்படியானால் இது "பசுமை வேதியியல்" தானே?

பாதி உண்மை. உலோகம் இல்லை, வினையூக்கி நச்சற்றது என்பதெல்லாம் சரி. ஆனால் 20 மோல் சதவீதம் வினையூக்கி போடுகிறோம் என்றால், ஒரு வினையூக்கி மூலக்கூறு அதிகபட்சம் ஐந்து முறைதான் வேலை செய்கிறது என்று அர்த்தம். கீட்டோனைப் பல மடங்கு அதிகமாகப் போட்டு, வினை முடிந்ததும் லிட்டர் கணக்கில் கரைப்பான் விட்டுப் பிரித்தெடுத்தால் பசுமை எங்கே இருக்கிறது? உலோகம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு முறையைப் பசுமை என்று கட்டுரைத் தலைப்பில் போடுவது எனக்கு உடன்பாடில்லை, மொத்தக் கழிவை எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நிலைமை மாறிவருகிறது. லிஸ்ட் குழு உருவாக்கிய, வினை நடக்கும் இடத்தைச் சிறு குழிபோல் அடைத்து வைத்திருக்கும் வலிமையான அமிலங்கள், 2018இல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போட்டாலே போதும் என்ற அளவை நெருங்கின.

உண்மையான மருந்துகளைச் செய்யப் பயன்பட்டிருக்கிறதா?

பயன்பட்டிருக்கிறது. ஹயாஷி 2009இல் ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிரை (டாமிஃப்ளூ) மூன்றே குடுவைகளில், மொத்தம் 57 சதவீத விளைச்சலோடு செய்து காட்டினார், முதல் படியில் கையைத் தீர்மானித்தது அவருடைய புரோலினால் ஈதர். மெர்க் நிறுவனம் ஒற்றைத்தலைவலிக்காக உருவாக்கிய டெல்காஜிபன்ட் மருந்தைப் பெரிய அளவில் தயாரிக்க, இமினியம் வழியில் நைட்ரோமீத்தேனைச் சேர்க்கும் முறையை 2010இல் வெளியிட்டது. மருந்து 2011இல் கைவிடப்பட்டது, ஆனால் ஆலை அளவில் இந்த வேதியியல் ஓடும் என்பது நிரூபணமாகிவிட்டது.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 2012இல் வரிந்தர் அகர்வால் குழு புரோஸ்டாகிளாண்டின் பிஜிஎஃப்2ஆல்ஃபாவை (ஹார்மோன் போலச் செயல்படும் ஒரு சேர்மம்) ஏழு படிகளில் செய்தது. சக்சினால்டிஹைடு என்ற எளிய மூலக்கூறு இரண்டைப் புரோலின் ஒன்றோடொன்று சேர்த்து, ஒரே வீச்சில் இரு வளைய அமைப்பைத் தருகிறது. அந்தப் படியின் விளைச்சல் 14 சதவீதம்தான். தனியாகப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் பல படிகளை அது ஒரேயடியாக விழுங்கிவிடுகிறது, கையும் சரியாக அமைந்துவிடுகிறது. விளைச்சல் எண்ணை மட்டும் பார்த்து ஒரு வினையை ஒதுக்கக் கூடாது என்று இதைக் காட்டித்தான் சொல்வேன். எட்டி மரத்தின் நஞ்சான ஸ்டிரிக்னினில் படிகளைக் குறைப்பதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும்: 1950களில் முதல் முறை செய்தபோது 29 படிகள், கடைசியில் மிஞ்சியது 0.0009 சதவீதம். 2011இல் மேக்மில்லன் குழு 12 படிகளில் முடித்தது.

நானே ஆய்வகத்தில் செய்து பார்க்க எந்த வினை நல்லது?

4-நைட்ரோபென்சால்டிஹைடும் அசிட்டோனும். ஆல்டிஹைடு திடப்பொருள், காற்றில் கெடாது, எடைபோட எளிது. (பென்சால்டிஹைடு புட்டியில் இருந்தே ஆக்சிஜனேற்றமாகி பென்சாயிக் அமிலம் ஆகிவிடும், காய்ச்சி வடிக்காமல் போட்டால் என்ன நடந்தது என்றே புரியாது.) டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானும் அசிட்டோனும் 4:1, எல்-புரோலின் 30 மோல் சதவீதம், அறை வெப்பநிலை. புரோலின் அசிட்டோனில் மட்டும் சரியாகக் கரையாது, டிஎம்எஸ்ஓ அதற்காகத்தான். மெல்லிய படல நிறப்பிரிகையில் (டிஎல்சி) ஆல்டிஹைடு மறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அம்மோனியம் குளோரைடு கரைசலால் நிறுத்தி, எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுங்கள். எல்-புரோலின் ஆர் வடிவ ஆல்டாலைக் கொடுக்கும். கூடவே நீர் நீங்கிய ஈனோன் கொஞ்சம் வரும், சூடுபடுத்தினால் அதிகமாக வரும். ஆகவே அவசரத்துக்குச் சூடாக்காதீர்கள்.

ஈஈயை எப்படி அளப்பது? சாதாரண என்எம்ஆர் போதாதா?

போதாது, கண்ணாடிப் பிம்பங்கள் சாதாரணக் கரைப்பானில் ஒரே என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையைக் கொடுக்கும். கைரல் நிரப்பு கொண்ட எச்பிஎல்சி (உயர் செயல்திறன் திரவ நிறப்பிரிகை) தூண் வேண்டும், அதில் ஒரு வடிவம் முந்தியும் ஒன்று பிந்தியும் வெளிவரும், இரண்டு சிகரங்களின் பரப்பை ஒப்பிட வேண்டும். அதற்கு முன்னால், முதலில் சுழிமாய்க் கலவையைச் செய்து தூணில் விட்டு இரண்டு சிகரங்களும் பிரிகின்றனவா என்று பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப்போய், ஒரே சிகரம் வந்ததும் "100 சதவீத ஈஈ" என்று எழுதிவிட்டு, பிறகு அந்தத் தூண் இரண்டையும் பிரிக்கவே இல்லை என்று கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஎல்-புரோலின் (டி, எல் இரண்டும் சம அளவில் கலந்தது) போட்டாலே சுழிமாய்க் கலவை கிடைத்துவிடும், அரைநாள் வேலை.

ஒளிசுழற்சியை மட்டும் அளந்து ஈஈ கணக்கிடுவது ஆபத்து. சிறிய அசுத்தமோ செறிவில் ஏற்படும் பிழையோ எண்ணைப் புரட்டிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஈஈ பூஜ்ஜியமாக வருகிறது, ஏன்?

முதலில் புட்டியைப் பாருங்கள். என் மாணவர் ஒருவர் இரண்டு வாரம் கரைப்பானையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சோர்ந்து போனார், கடைசியில் எடுத்தது டிஎல்-புரோலின் புட்டி. அதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து யார் வந்தாலும் புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஒளிசுழற்சி பார்த்துவிட்டுத்தான் தொடங்கச் சொல்கிறேன்.

புட்டி சரியென்றால் அடுத்த சந்தேகம், வினையூக்கி இல்லாமலேயே வினை ஓடுகிறதா என்பது. புரோலின் போடாமல் ஒரு குடுவை வைத்துப் பாருங்கள். அதிலும் விளைபொருள் வந்தால், அந்தப் பாதை 50:50 தந்து உங்கள் தேர்வுத்திறனைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, விளைபொருளே பிறகு கலைந்துபோவது. கார்போனைலுக்குப் பக்கத்தில் கைரல் மையம் இருந்தால் சிலிக்கா தூணில் நீண்ட நேரம் வைத்தாலே அது திரும்பிவிடலாம். வினை முடிந்ததும் எடுத்த மாதிரியையும், தூணுக்குப் பிறகு எடுத்ததையும் ஒப்பிட்டால் உடனே தெரியும்.

ஈஈ 80, 90 என்று பக்கத்தில் வந்து நிற்கிறது என்றால் வினையூக்கியை மாற்றுவதற்கு முன் மறுபடிகமாக்கிப் பாருங்கள். பல திண்மப் பொருள்கள் ஒரே படிகமாக்கலில் 99ஐத் தாண்டிவிடும். சில சமயம் படிகத்தில் சுழிமாய்க் கலவை சேர்ந்து, தூய வடிவம் தாய்க்கரைசலில் தங்கும், அதனால் கரைசலைக் கொட்டிவிடாமல் இரண்டையும் அளந்து பாருங்கள்.

இனி செய்ய என்ன மிச்சம் இருக்கிறது?

ஆல்டிஹைடு, கீட்டோன் இருந்தால் அமீன் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறது. வேறு எந்தத் தொகுதியும் இல்லாத வெறும் ஆல்க்கீனைப் பிடிப்பது எப்படி? அங்கேதான் லிஸ்டின் அடைபட்ட அமிலங்கள் மெல்ல நுழைந்துகொண்டிருக்கின்றன. மறுபக்கம் மேக்மில்லன் 2007இல் எனமீனிலிருந்து ஒற்றை எலக்ட்ரானைப் பறித்து ரேடிக்கல் வழியைத் திறந்தார், 2008இல் அதோடு ஒளியால் இயங்கும் வினையூக்கியையும் சேர்த்து, ஆல்டிஹைடுக்கு அடுத்த கார்பனில் அதுவரை சிரமமாக இருந்த ஆல்கைலேற்றத்தை ஒரு கை வடிவத்தில் செய்தார். அந்த ஒளி வினையூக்கி ருத்தேனியச் சேர்மம். உலோகம் இல்லாத துறை என்று தொடங்கிய இடத்திலேயே உலோகம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, ஆனால் கையைத் தீர்மானிப்பது இன்னமும் அந்தச் சிறிய அமீன்தான்.